மாரடைப்பின் பின்வரும் நாட்கள்: இருதயக் கிழிவைக் காட்டும் ஒலி

மாரடைப்பு வந்தவரை வைத்தியசாலையிற் சேர்த்தாயிற்று, அடைபட்ட இரத்தக்குழாயைத் திறந்து ஸ்டென்ட் வைத்தாயிற்று என்ற செய்தி கிடைத்ததும் எமது வீடுகளில் பெருமூச்சு ஒன்று எழுகின்றது. கண்டம் கழிந்தது என்று எண்ணுகின்றோம். ஊருக்குத் தொலைபேசி எடுத்து நேர்த்திக்கடனை நினைவூட்டுகின்றோம். நோயாளியோ அடுத்த கிழமையே வேலைக்குத் திரும்புவது பற்றிப் பேசத் தொடங்குகின்றார். பெரும்பாலானோருக்கு இந்த நிம்மதி நியாயமானதே. ஆயினும் ஒரு சிலருக்கு, முதல் ஏழு நாட்களுக்குள், சிலவேளைகளில் இரண்டு கிழமைகள் வரையிலும்கூட, இருதயத் தசை கிழிந்துபோகும் பேராபத்து ஒன்று காத்திருக்கின்றது.

அந்த வேளையில் எது கிழிந்தது, எவ்வளவு கிழிந்தது, இன்னும் எவ்வளவு நேரம் உண்டு என்பவற்றைக் கட்டிலருகிலேயே சில நிமிடங்களிற் காட்டும் கருவிதான் 'எக்கோ' என்று சுருக்கமாக அழைக்கப்படும் இருதய ஒலிப்படம். சான்டா கிளாராவிலும் அதனைச் சூழ்ந்த விரிகுடாப் பகுதியிலும் வாழும் எமது அகதிக் குடும்பங்கள் இப்பரிசோதனையை அறிந்திருப்பது மிகவும் அவசியமென நாம் கருதுகின்றோம். ஏனெனில் "நேற்றுத்தானே எக்கோ எடுத்தார்கள், இன்றைக்கும் எதற்கு? செலவை யார் கட்டுவது?" என்று கேட்டு மறுக்கப்படும் இரண்டாவது எக்கோவே சிலவேளைகளில் உயிரைக் காக்கும் எக்கோவாகும்.

மாரி மழையில் ஊறிய மண்சுவர்

இருதயத் தசைக்குச் செல்லும் இரத்தம் நின்று அரைமணி நேரம் ஆவதற்குள்ளேயே தசையணுக்கள் இறக்கத் தொடங்குகின்றன. குழாய் திறக்கப்படாவிடின் அடுத்த சில மணித்தியாலங்களில் அப்பகுதியின் பெரும்பங்கு அழிந்துவிடும். இறந்த தசை உடனே தழும்பாகி விடுவதில்லை. முதலில் வெண்குருதி அணுக்கள் அதனைக் கரைத்து அகற்றுகின்றன. அதன் பின்னரே உறுதியான தழும்பு வளர்கின்றது. அதற்குப் பல கிழமைகள் செல்லும். இடைப்பட்ட நாட்களில் அந்த இடம் மாரி மழையில் ஊறிய மண்சுவரைப் போல் மென்மையாகக் கிடக்கும். இருதயமோ ஓய்வறியாதது. நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு இலட்சம் தடவை அது சுருங்கி விரிகின்றது. ஒவ்வொரு சுருக்கத்தின்போதும் அந்த ஊறிய சுவரின்மீது அழுத்தம் மோதுகின்றது.

கிழிவு மூன்று இடங்களில் ஏற்படலாம்.

முதலாவது, இருதயத்தின் வெளிச்சுவர். இது கிழிந்தால் இரத்தம் இருதயத்தைச் சூழ்ந்துள்ள உறைக்குள் பாய்ந்து, இருதயத்தையே வெளியிலிருந்து நெரிக்கும். பெருங்கிழிவாயின் சில நிமிடங்களில் மரணம் நிகழும். சிறு கசிவாயின் மணித்தியாலக் கணக்கில் அவகாசம் கிடைக்கலாம்.

இரண்டாவது, இடது கீழறையையும் வலது கீழறையையும் பிரிக்கும் நடுச்சுவர். இதில் துளை விழுந்தால், உடலுக்குச் செல்லவேண்டிய இரத்தம் அழுத்தம் குறைந்த வலது பக்கத்துக்குப் பாய்ந்து, நுரையீரலுக்கே திரும்பவும் சென்றுவிடும்.

மூன்றாவது, இடது பக்கத்து மைட்ரல் வால்வைத் தாங்கும் சிறு தசைத்தூண்கள். பாய்மரத்தைக் கயிறுகள் இழுத்துப் பிடிப்பதுபோல், இத்தூண்கள் மெல்லிய நாண்களினால் வால்வின் இதழ்களைப் பிடித்து நிற்கின்றன. தூண் அறுந்தால் இதழ் பின்பக்கமாகப் புரளும். இரத்தம் நுரையீரலை நோக்கித் திரும்பிப் பாயும். நோயாளி நீரில் மூழ்குபவரைப் போல் மூச்சுக்குத் தவிப்பார். இரு தூண்களில் பின்புறத் தூணுக்குப் பெரும்பாலும் ஒரேயொரு குழாய் மட்டுமே இரத்தம் வழங்குவதால், அதுவே அதிகம் அறுகின்றது. ஆகையால் ஈ.சி.ஜி.யில் மிகப் பெரிதாகத் தோன்றாத மாரடைப்பின் பின்னரும் இது நேரலாம்.

இவை அரிதானவையே. இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்துகளும் ஸ்டென்டும் வருமுன்னர், மாரடைப்பு வந்தவர்களில் நூற்றுக்கு ஒருவர் அல்லது இருவருக்கு நடுச்சுவர் கிழிந்தது. அம்மருந்துகளை ஒப்பிட்ட 'கஸ்டோ' என்ற பெரும் ஆய்வில் 41,021 நோயாளிகளில் 84 பேருக்கே அது கிழிந்தது. ஆனால் அந்த 84 பேரின் கதை துயரமானது. சத்திரசிகிச்சை பெறாதவர்களில் 94 வீதமானோரும், பெற்றவர்களில் 47 வீதமானோரும் முப்பது நாட்களுக்குள் இறந்தனர் என 2000ஆம் ஆண்டில் அவ்வாய்வாளர்கள் எழுதினர். சத்திரசிகிச்சை செய்யக்கூடிய நிலையில் இருந்தவர்களே அதற்குத் தெரிவுசெய்யப்பட்டிருப்பர் என்பதையும் மனங்கொள்ளவேண்டும். அப்படியிருந்தும், கிழிவைக் கண்டறியாமல் விடுவது எத்தகைய முடிவுக்கு இட்டுச்செல்லும் என்பதை இவ்விரு எண்களும் உணர்த்துகின்றன.

கப்பல் தளத்திலிருந்து கட்டிலருகே

1953ஆம் ஆண்டில் சுவீடனின் லுண்ட் நகரில் இங்கே எட்லர் என்ற இருதய வைத்தியரும் கார்ல் ஹெல்முத் ஹேர்ட்ஸ் என்ற பௌதிகவியலாளரும் ஒரு புதுமுயற்சியில் இறங்கினர். மல்மோ நகரின் கப்பல் கட்டும் தளத்தில் இரும்புத் தகடுகளிலும் ஒட்டுகளிலும் மறைந்துள்ள வெடிப்புகளைக் கண்டறிய ஒலிக்கருவி ஒன்று பயன்பட்டு வந்தது. அத்தகைய கருவியை இரவலாகப் பெற்று, அதன் ஒலியை மனித மார்பினூடே செலுத்தி, துடிக்கும் இருதயத்தின் எதிரொலியைப் பதிவுசெய்தனர். இரும்பின் வெடிப்பைத் தேடிய கருவியே பிற்காலத்தில் இருதயத்தின் வெடிப்பையும் தேடப் பயன்பட்டது.

கருவியின் தத்துவம் எமது மீனவர்களுக்குப் புதியதன்று. கடலின் ஆழத்தையும் மீன்கூட்டத்தையும் அறிய இயந்திரப் படகுகளில் வைக்கப்படும் ஒலிமானியும் இதே வழியில்தான் இயங்குகின்றது. மனிதக் காது செக்கனுக்கு 20,000 அதிர்வுகள் வரையிலான ஒலியையே கேட்கும். இருதயப் பரிசோதனைக்கு வளர்ந்தோரிற் பயன்படுவது செக்கனுக்கு ஏறத்தாழ 20 இலட்சம் முதல் 50 இலட்சம் வரையிலான அதிர்வு. மார்பில் களிம்பு பூசி, கையடக்கமான ஆய்கருவியை வைத்தால், அது ஒலியை அனுப்பித் திரும்பிவரும் எதிரொலியைப் படமாக்குகின்றது. இதில் எக்ஸ் கதிர் இல்லை, ஊசி பெரும்பாலும் தேவையில்லை, நோவும் இல்லை.

இக்கருவியின் வளர்ச்சியில் நாம் வாழும் இந்தப் பள்ளத்தாக்குக்கும் பங்குண்டு. சான்டா கிளாரா மாவட்டத்தின் மவுண்டன் வியூ நகரில் 1979ஆம் ஆண்டில் அக்யூசன் நிறுவனம் தொடங்கப்பட்டது. 1983ஆம் ஆண்டில் அது வெளியிட்ட இயந்திரம், கணினியின் துணையுடன் ஒலிப்படங்களை முன்னெப்போதும் இல்லாத அளவுக்குத் தெளிவாக்கியது. 2000ஆம் ஆண்டில் அந்நிறுவனத்தை ஜேர்மனியின் சீமென்ஸ் வாங்கியது. கணினிச் சில்லுகளால் பெயர்பெற்ற இம்மண்ணிலிருந்தே இருதயத்தைப் பார்க்கும் கண்களிலொன்றும் உலகெங்கும் சென்றது.

எக்கோ எதைச் சொல்கின்றது?

மாரடைப்பு நோயாளியின் நிலை திடீரெனச் சரியும்போது வைத்தியர் முன்னே பல கேள்விகள் எழுகின்றன. மீண்டும் குழாய் அடைத்துவிட்டதா? தசை களைத்து இருதயம் சோர்ந்துவிட்டதா? உடலினுள் எங்காவது இரத்தம் போகின்றதா? அல்லது ஏதாவது கிழிந்துவிட்டதா? ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை வேறு. ஒன்றுக்குரிய மருந்து மற்றொன்றுக்குத் தீங்காகலாம். இருதய உறைக்குள் இரத்தம் கசிந்துகொண்டிருப்பவருக்கு, மீண்டும் மாரடைப்பு என்று கருதி இரத்தத்தை இளக்கும் மருந்தைக் கூட்டினால் என்னவாகும் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

இங்கே எக்கோ முதல் விடையைத் தருகின்றது. உறைக்குள் இரத்தம் சேர்ந்திருந்தால் இருதயத்தைச் சுற்றிக் கருவளையமாக அது தெரியும். நடுச்சுவரிலோ வால்விலோ இரத்தம் பிழையான திசையிற் பாய்ந்தால், நிறமூட்டிய டொப்ளர் முறை அதனைப் பலநிறச் சுழலாகக் காட்டும். அறுந்த தூணின் நுனி வால்வோடு சேர்ந்து படபடப்பதையும் காணலாம். கீழறைகள் எவ்வளவு வலுவுடன் சுருங்குகின்றன, எச்சுவர் அசையாமல் நிற்கின்றது என்பவற்றையும் அளக்கலாம்.

காதுக்குழாயை வைத்துக் கேட்டாற் போதாதா என்று சிலர் வினவலாம். நடுச்சுவர் கிழிந்தவர்களிடம் பெரும்பாலும் உரத்த இரைச்சல் கேட்கும். ஆனால் தசைத்தூண் அறுந்தவர்களிற் கணிசமானோரிடம் இரைச்சல் மெல்லியதாகவே இருக்கும், சிலரிடம் கேட்பதேயில்லை. அறைகளுக்கிடையே அழுத்த வேறுபாடு விரைவிற் குறைந்துவிடுவதே அதற்குக் காரணம். எனவே காதுக்குழாயின் அமைதியை மட்டும் நம்பியிருக்க முடியாது.

மார்பின் மேலிருந்து எடுக்கும் படம் சிலருக்குத் தெளிவாக அமையாது. செயற்கைச் சுவாசத்தில் இருப்போருக்கும் பருத்த உடலினருக்கும் இது நேரும். அப்போது மெல்லிய குழாயொன்றை வாய்வழியாக உணவுக்குழாய்க்குள் இறக்கி, இருதயத்தின் பின்புறத்திலிருந்து பார்ப்பார்கள். மயக்கமருந்தோ தூக்கமருந்தோ கொடுத்தே இது செய்யப்படும். வால்வின் நிலையை இது மிகத் தெளிவாகக் காட்டும். இதற்கு ஒப்பம் கேட்கும்போது "தொண்டைக்குள் குழாயா?" என்று பதறாமல், அதன் தேவையைக் கேட்டறிந்து முடிவெடுத்தல் நன்று.

எக்கோவும் அந்தக் கணத்தின் படமே. காலையில் எடுத்த படத்தில் எல்லாம் நன்றாயிருந்து, மாலையிற் சுவர் கிழிந்திருக்கலாம். ஆகவே நிலை மாறினால் படமும் மீண்டும் எடுக்கப்படவேண்டும்.

கிழிவு தெரிந்த பின்னர்

கிழிவைத் தைப்பதற்கோ வால்வை மாற்றுவதற்கோ பெரும்பாலும் திறந்த இருதய சத்திரசிகிச்சையே வழி. மாரடைப்பினால் நடுச்சுவரில் விழுந்த துளையைச் சத்திரசிகிச்சை மூலம் மூடிய முதலாவது அறிக்கையை 1957ஆம் ஆண்டில் டெக்சஸ் மாநிலம் ஹூஸ்டனைச் சேர்ந்த டென்டன் கூலியும் அவரது குழுவினரும் வெளியிட்டனர். அதற்கு முன்னர் இந்நோய்க்கு மருந்தும் இல்லை, கத்தியும் இல்லை.

எப்போது வெட்டுவது என்பதே இன்றும் வைத்தியர்களைச் சோதிக்கும் கேள்வி. ஊறிய தசையில் தையல் நிற்பதில்லை. சில நாட்கள் கழிந்தால் விளிம்புகள் சற்று உறுதிப்படும். 1999 முதல் 2010 வரை இந்நாட்டில் நடுச்சுவர்க் கிழிவுக்குச் சத்திரசிகிச்சை பெற்ற 2,876 பேரின் பதிவுகளை ஆராய்ந்தபோது, மாரடைப்பு வந்து ஏழு நாட்களுக்குள் சிகிச்சை பெற்றவர்களில் 54 வீதமானோரும், அதற்குப் பின்னர் பெற்றவர்களில் 18 வீதமானோரும் இறந்திருந்தனர். எனவே காத்திருப்பதே மேல் என்று முடிவுகட்டிவிடலாகாது. காத்திருக்கும்போதே இறந்தவர்கள் இரண்டாவது கணக்கில் வரவில்லை. காத்திருக்க இயலாத நிலையில் இருந்தவர்களே முதற் கணக்கில் அதிகம். காத்திருக்கக்கூடியவர் யார், காத்திருக்கக்கூடாதவர் யார் என்று பிரித்தறிய, மணிக்கு மணி நோயாளியின் நிலையையும் அடிக்கடி எக்கோவையும் பார்க்கின்றனர். இடைப்பட்ட வேளையில் பெருநாடியினுள் விரிந்து சுருங்கும் பலூன், இரத்தத்தை வெளியே எடுத்து ஒட்சிசன் ஏற்றித் திருப்பி அனுப்பும் இயந்திரம் போன்றவற்றால் உயிரைத் தாங்குகின்றனர். வெளிச்சுவர் கிழிந்து இருதயம் நெரிபட்டவருக்கோ, தசைத்தூண் முழுதாக அறுந்தவருக்கோ காத்திருக்க நேரமில்லை. உடனடிச் சத்திரசிகிச்சையே அவர்களுக்குரிய வழி.

மார்பைத் திறக்கும் சத்திரசிகிச்சையைத் தாங்கமாட்டாதவர்களுக்கு வேறொரு வழியும் அண்மைக் காலத்தில் திறந்துள்ளது. கசியும் மைட்ரல் வால்வின் இரு இதழ்களையும், தொடையின் இரத்தக்குழாய் வழியாகச் சென்று, சிறு கவ்வியினாற் பொருத்தும் முறையே அது. மவுண்டன் வியூவின் எல் கமினோ வைத்தியசாலையில் பணியாற்றிய பிரடரிக் செயின்ட் கோர் என்ற இருதய வைத்தியரின் எண்ணத்திற் பிறந்த இக்கவ்வியை, மென்லோ பார்க்கின் எவால்வ் நிறுவனம் உருவாக்கியது. 2009இல் அதனை அபட் நிறுவனம் வாங்கியது. அந்நிறுவனத்தின் இருதயக் கருவிப் பிரிவு சான்டா கிளாரா நகரில் இயங்குகின்றது. 2013இல் அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது. நாட்பட்ட வால்வுக் கசிவுக்கென அனுமதிக்கப்பட்ட இது, மாரடைப்பின் பின்னர் திடீரெனக் கசிவு ஏற்பட்டோரிலும், வேறு வழியற்ற நிலையில், தெரிந்தெடுத்துப் பயன்படுத்தப்படுகின்றது. கவ்வி சரியான இடத்தைப் பிடித்ததா என்பதை, உணவுக்குழாய் வழியாகப் பார்க்கும் எக்கோவே வைத்தியருக்குச் சொல்கின்றது.

தாமதமே முதற் பகை

கிழிவு யாருக்கு அதிகம் நேர்கின்றது? முதியோருக்கு, பெண்களுக்கு, முதன்முறையாக மாரடைப்பு வந்தவர்களுக்கு, எல்லாவற்றுக்கும் மேலாக வைத்தியசாலைக்குப் பிந்தி வந்தவர்களுக்கு. 2020இல் கொரோனா அச்சத்தினால் உலகெங்கும் மக்கள் நெஞ்சுநோவை வீட்டிலேயே பொறுத்துக்கொண்டிருந்தபோது, அருகிப்போயிருந்த இக்கிழிவுகளை மீண்டும் காண நேர்ந்ததாகப் பல வைத்தியசாலைகள் எழுதின.

எம்மவரிடம் இத்தாமதம் பழகிப்போன ஒன்று. "வாய்வுதான்" என்று உள்ளியும் இஞ்சியும் தேடுகின்றோம். தாய்மாரோ பிள்ளைகள் வேலையால் வரும்வரை நோவைச் சொல்வதேயில்லை. தென்னாசிய மக்களுக்கு இருதயக் குழாய் நோய் இளவயதிலேயே வருகின்றது என்பது இன்று ஐயமற்ற செய்தி. 2018ஆம் ஆண்டின் அமெரிக்கக் கொழுப்புச் சிகிச்சை வழிகாட்டி, தென்னாசிய வம்சாவளியை ஆபத்தைக் கூட்டும் காரணிகளில் ஒன்றாகவே சேர்த்துள்ளது. எல் கமினோ வைத்தியசாலையில் 2006இலேயே தென்னாசிய இருதய நிலையம் தொடங்கப்பட்டமைக்கும் இதுவே காரணம்.

தாமதத்தைக் குறைத்தால் உயிர் மிஞ்சும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்றுண்டு. சிறு வைத்தியசாலைகளையும் அம்புலன்ஸ் வண்டிகளையும் பெரிய இருதய நிலையங்களோடு இணைத்து அங்கு நடத்தப்பட்ட ஆய்வில் 2,420 மாரடைப்பு நோயாளிகள் சேர்க்கப்பட்டனர். இணைப்புக்கு முன்னர் ஓராண்டுக்குள் இறந்தோர் 17.6 வீதம், பின்னர் 14.2 வீதம். கோயம்புத்தூர் வைத்தியர் தோமஸ் அலெக்சாண்டர் குழுவினர் 2017இல் இதனை வெளியிட்டனர்.

எமது குடும்பங்கள் செய்யவேண்டியவை

நெஞ்சில் இறுக்கம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் நோ, காரணமற்ற வியர்வை, மூச்சுமுட்டல் என்பன வந்தால் 911ஐ அழையுங்கள். நோயாளியைக் காரில் ஏற்றிக்கொண்டு புறப்படவேண்டாம். அம்புலன்ஸிலேயே ஈ.சி.ஜி. எடுத்து வைத்தியசாலைக்கு முன்னறிவிப்பார்கள். நோ தொடங்கிய நேரத்தைக் கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

செலவுக்கோ குடியுரிமை நிலைக்கோ அஞ்சி வாசலில் நிற்கவேண்டாம். 1986ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டப்படி, அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வரும் எவரையும், பணமோ பத்திரமோ பாராது, பரிசோதித்து நிலைப்படுத்தவேண்டியது வைத்தியசாலையின் கடமை. கலிபோர்னியாவில் 2006ஆம் ஆண்டின் சட்டம், வருமானம் குறைந்தோருக்குக் கட்டணக் குறைப்பையும் உதவித் திட்டத்தையும் வைத்தியசாலைகள் வைத்திருக்கவேண்டும் என்கின்றது. நோயாளி சற்றுத் தேறியதும் நிதி ஆலோசகரைச் சந்தித்து விண்ணப்பியுங்கள்.

"தமிழ் இன்டர்பிரெட்டர்" என்று கேளுங்கள். மொழிபெயர்ப்பாளரை இலவசமாக வழங்குவது, கூட்டாட்சி நிதிபெறும் வைத்தியசாலைகளின் கடமை. பெரும்பாலும் தொலைபேசி வழியாகவே அவர் பேசுவார். எமது வீடுகளில் ஆங்கிலம் படித்த சின்னப் பிள்ளைகளே பெற்றோருக்கு வாயாக இருக்கின்றார்கள். "சுவர் கிழிந்துவிட்டது, சத்திரசிகிச்சை செய்யாவிட்டால் பிழைக்கமாட்டார், செய்தாலும் பாதிக்குப் பாதிதான்" என்ற சொற்களைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை தன் தாய்க்கு மொழிபெயர்க்கும் நிலை எந்தக் குடும்பத்துக்கும் வரலாகாது.

போரிலும் இடப்பெயர்விலும் எமது பழைய வைத்தியக் குறிப்புகள் அழிந்துபோயின. முன்னர் இருந்த நோய்கள், எடுக்கும் மருந்துகள், ஒவ்வாத மருந்துகள் ஆகியவற்றைத் துண்டொன்றில் எழுதி வைத்திருங்கள். முதல் எக்கோவின் முடிவையும் பிரதி கேட்டு வாங்குங்கள். பிறகு எடுக்கும் படத்தை ஒப்பிட அது உதவும்.

நோயாளி பேசக்கூடிய நிலையில் இருக்கும்போதே, தமக்கு நினைவு தவறினால் முடிவெடுப்பவர் யார் என்பதைச் சொல்லச் செய்யுங்கள். கலிபோர்னியாவில் தமது பொறுப்பு வைத்தியரிடம் அதனை வாய்மொழியாகவே அறிவிக்கலாம். அவசர சத்திரசிகிச்சைக்கு ஒப்பம் கேட்கப்படும் இரவில் யார் கையெழுத்திடுவது என்று உறவினர் வாதாடிக்கொண்டிருந்தால், கழியும் நேரம் நோயாளியினுடையது.

கட்டிலருகில் இருப்போர் கவனிக்கவேண்டிய மாற்றங்கள் சில உண்டு: திடீர் மூச்சுமுட்டல், மீண்டும் வரும் நெஞ்சுநோ, குளிர்ந்த வியர்வை, மயக்கம், தடுமாறும் பேச்சு, குறைந்துபோன சிறுநீர், காரணமற்ற அந்தரிப்பு. இவற்றிலொன்றைக் கண்டால் தாதியை உடனே அழைத்து, "சற்றுமுன்வரை இவர் இப்படி இருக்கவில்லை" என்று சொல்லுங்கள். நோயாளியை நன்கறிந்தவரின் அந்த ஒரு வசனத்துக்கு வைத்தியர்கள் மதிப்பளிப்பார்கள். "எக்கோ மீண்டும் எடுக்கவேண்டுமா?" என்று தயங்காமற் கேளுங்கள்.

வீடு திரும்பிய பின்னரும் முதலிரு கிழமைகள் இதே கவனம் வேண்டும். வைத்தியர் விடுமுன் கையெழுத்திட்டு வெளியேறவேண்டாம். வாடகையும் வேலையும் எம்மை நெருக்குவதை நாம் அறிவோம். ஆனால் வேலை செய்யும் இடம், ஒரு கிழமை ஆளில்லாமலும் ஓடும். வீடு அப்படி ஓடாது.

இம்மூன்று கிழிவுகளும் அரிதானவை, வந்தால் கொடியவை. எனினும் நேரத்தோடு கண்டறியப்பட்டவர்களிற் பலர் தப்பிப் பிழைத்து, பேரப்பிள்ளைகளோடு இன்றும் நடமாடுகின்றனர். அவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையில் இருந்த வேறுபாடு, பல வேளைகளில், மாறிய நிலையை எவரோ ஒருவர் கவனித்துச் சொன்னதும் அந்த ஒலிப்படம் உடனே மீண்டும் எடுக்கப்பட்டதும்தான்.